தேதி போட்ட முட்டை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இந்த டைரி பாத்திரக் கம்பெனி ஏஜென்ட் பொங்கலுக்குக் கொடுத்தது. இத்தனை மாசம் பிரிக்காமல் கிடந்தது. தினமும் எத்தனை மணிக்கு மாத்திரை போட்டேன், என்ன சாப்பிட்டேன் என்று எழுதி வரச் சொல்லியிருக்கிறார் சுகர் டாக்டர். அதற்காக எடுத்தேன். வேறு எதுவும் எழுத உத்தேசம் இல்லை.

கடைக்குச் சரக்கு லாரி வந்த நாளிலிருந்து இன்றோடு பதினேழு. நேற்று வீட்டுக்காரரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போய்விட்டார்கள். இன்று மதியம் மகள் ரேணுவும் பெங்களூருக்குக் கிளம்பினாள். கிளம்புவதற்கு முன்னால் கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் கழற்றி ஆட்டோவில் ஏற்றி நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பாலை வைத்துவிட்டு மறந்துபோனேன், போன வாரத்தில் இரண்டு தடவை. இரண்டாவது தடவை சட்டி சிவந்து, பக்கத்தில் இருந்த துணி பற்றிக்கொண்டது. வீட்டில் இத்தனை பேர் இருந்ததால் பிழைத்தோம்.

அடுப்பு இருந்த இடத்தில் இப்போது மைக்ரோவேவ். கறுப்புப் பெட்டி. முகத்தில் பச்சை எழுத்தில் மணி ஓடுகிறது.

"இது தானாவே நின்னுக்கும்மா. நீ மறந்தாலும் அது மறக்காது" என்றாள்.

மதியமும் ராத்திரியும் புஷ்பம் வீட்டுச் சாப்பாடு. புஷ்பம் என் கடையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். காலைக்கு மட்டும் நானே பார்த்துக்கொள்ள வேண்டும். மாத்திரை போட்டு அரை மணிக்குள் வயிற்றில் ஏதாவது விழ வேண்டும். இட்லி, தோசை ஆகாது, முட்டை சாப்பிடு என்பது டாக்டர் உத்தரவு. சமையலுக்கு ஆள் வைக்கலாம் என்றாள் ரேணு. எண்ணெயை அள்ளி ஊற்றுவார்கள், வேண்டாம் என்றேன்.

"அப்ப தினம் எட்டு மணிக்குள்ள போட்டோ வரணும். வாயால சாப்பிட்டேன்னு சொன்னா நம்ப மாட்டேன். ஆவணி ஒண்ணு வரைக்கும் பார்ப்பேன். ஒழுங்கா நடந்தா நீ இங்கயே இரு, கடையை நடத்து, நான் வாயைத் திறக்க மாட்டேன். இல்லேன்னா கடையை யார்ட்டயாவது விட்டுட்டு எங்கூட வந்துரணும்."

"அங்க வந்து என்ன செய்ய? உங்க லிஃப்டுல ஏறி ஏறி இறங்கவா?"

"உயிரோட இரு. அது போதும்."

சரி என்றேன். இந்தப் பேரம் எனக்குச் சாதகம். ஆடி மாசம் கோவில்பட்டியில் யாரும் பாத்திரம் வாங்க மாட்டார்கள். ஆவணி பிறந்தால் கல்யாணச் சீர். அப்போது நான் கடையில் இருந்தாக வேண்டும். பதினாலு நாள் முட்டை தின்பது ஒரு வேலையா?

ஆகஸ்ட் 4, திங்கள்

மாத்திரை 7.15. முட்டை இல்லை.

ரேணு வாய்ஸ் மெசேஜில் சொல்லியிருந்தாள். கப்பில் கொஞ்சம் எண்ணெய் தடவு, முட்டையை உடைச்சு ஊத்து, ரெண்டு ஸ்பூன் பால், உப்பு, மிளகு, அடிச்சுக் கலக்கு, முக்கால் நிமிஷம் வை. இவ்வளவுதான்.

முதலில் பாலை மட்டும் வைத்துப் பழகலாம் என்று டம்ளரோடு உள்ளே வைத்துப் பட்டனை அழுத்தினேன். படபடவென்று நீல நிறத்தில் பொறி பறந்தது. ஒயரைப் பிடுங்கிவிட்டேன். போன் செய்தால் ரேணு தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கிறது.

"எவர்சில்வரையா வச்சே? பாத்திரக்கடை வச்சிருக்கே, இது தெரியாதா?"

"விக்கத் தெரியும். இந்தப் பெட்டிக்குள்ள வைக்கிறதைப் பத்தி என்ட்ட யாரு கேட்டா?"

வீட்டில் எவர்சில்வர் அல்லாத பாத்திரம் ஒன்றுகூட இல்லை. தட்டு, டம்ளர், சோப்பு டப்பா எல்லாம் எவர்சில்வர். எல்லாவற்றிலும் என் பேர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. டம்ளரின் விளிம்பில் 'சண்முகக்கனி'யில் 'கனி' மட்டும் கறுத்துவிட்டது. தேய்த்தேன். போகவில்லை.

கடையைத் திறந்தேன். "இப்பத்தான் பதினாறு முடிஞ்சிருக்கு, அதுக்குள்ள கல்லாவுல வந்து உக்காந்துட்டா" என்று பக்கத்து மருந்துக் கடையில் ஒருத்தி சொன்னாளாம். புஷ்பம் வந்து சொன்னாள். உட்காராமல் படுத்துக் கிடந்தால் மட்டும் நல்ல பேர் கொடுத்துவிடுவார்களா?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாத்திரை 7.10. இரண்டு பிஸ்கட்.

காதர் மைதீன் பாய் கடைக்குப் போனேன். எங்கள் கடைக்கு நேர் எதிரே கண்ணாடி, பீங்கான், பிளாஸ்டிக் விற்கிறார். முப்பது வருஷத்தில் அந்தப் படியை நான் மிதித்ததில்லை.

"அக்கா, வழி தவறி வந்துட்டீங்களா?"

"பீங்கான் கப் ஒண்ணு வேணும் பாய்."

அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார். "'அவன் சரக்கு விழுந்தா உடையும், நம்ம சரக்கு விழுந்தா சத்தம்தான் வரும்'னு சொல்லியே என் கஸ்டமரையெல்லாம் இழுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இப்பவும் அதைத்தான் சொல்லுவேன். எனக்குக் குடுங்க."

சிரித்துக்கொண்டே ஒரு பெட்டியை எடுத்தார். வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம். நாலு. தனியாக வராது, செட்டாகத்தான் வருமாம். பழக்கதோஷத்தில் விரலை மடக்கிக் கப்பைத் தட்டிப் பார்த்தேன். தட்டினால் பீங்கானில் என்ன தெரியப்போகிறது?

"பேரு வெட்டித் தரமாட்டீங்களா பாய்?" என்று கேட்டேன். தமாஷுக்குத்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணன் மாதிரி வெட்ட இந்த ஊர்ல இனி யாருக்கா" என்றார்.

கடையில் ஆள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரும் காத்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மாத்திரை 7.20. முட்டை வீண்.

பிரிட்ஜ் கதவில் ஏழு முட்டை இருந்தது. அவர் வாங்கி வைத்தது. காரியம் முடியும்வரை வீட்டில் கவுச்சி இல்லை என்பதால் அப்படியே கிடந்தது. ஒவ்வொன்றிலும் பென்சிலால் 16-7 என்று எழுதியிருக்கும். முட்டை வாங்கி வந்தால் முதல் வேலை அவருக்கு அதுதான். எது பழசு, எது புதுசு என்று குழப்பம் வரக்கூடாதாம். பாத்திரத்தில் பேர் வெட்டியே பழகிய கை, எழுத இடம் கிடைத்தால் சும்மா இருக்காது.

கூடையில் பாத்திரம் சுமந்து ஊர் ஊராகத் தவணைக்கு விற்ற காலத்தில், பேர் வெட்டத் தெரிந்த ஆள் தேடினேன். அப்படித்தான் அவர் வந்தார். கடை போட்டோம், வாசலில் மெஷினோடு உட்கார்ந்தார். அதிர்ந்து அதிர்ந்து வலது கை விரல்கள் மரத்துப்போயின. பத்து வருஷமாக மெஷினைத் தொடவில்லை. சமையலைக் கையில் எடுத்துக்கொண்டார். "மரத்த கைக்குத்தான் அடுப்பு லாயக்கு கனி, சுடவே மாட்டேங்குது" என்பார். நான் வியாபாரம், அவர் அடுப்பு. ஊர் சிரித்தது. எங்களுக்கு வசதியாக இருந்தது.

இன்று அதில் ஒரு முட்டையை எடுத்து வெள்ளைக் கப்பில் உடைத்து ஊற்றினேன். கலக்க வேண்டும் என்று ரேணு சொன்னது மறந்துபோனது. முழுசாக வைத்துவிட்டேன். நாற்பதாவது விநாடியில் டொப்பென்று வெடித்தது. மஞ்சள் கரு பெட்டிக்குள் நாலு பக்கமும் அப்பிக்கொண்டது. துடைக்க ஒரு மணி நேரம்.

முட்டை ஓட்டைக் குப்பையில் போடவில்லை. மறந்துவிட்டேன். ஜன்னலில் இருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

மாத்திரை 7.20. முட்டை இரண்டு ஸ்பூன்.

அண்ணாச்சி கடையில் ஆறு முட்டை வாங்கினேன். பிரிட்ஜில் இருப்பது பழசு, வயிற்றைக் கெடுக்கும்.

இன்று சரியாக வந்தது. கலக்கினேன், சின்ன வெங்காயம் இரண்டு நறுக்கிப் போட்டேன். முக்கால் நிமிஷம், கிளறிவிட்டு இன்னும் அரை நிமிஷம். பஞ்சு மாதிரி பொங்கி வந்தது. கப்பை ஆட்டினால் லேசாக நடுங்கியது. நல்ல சரக்கு. யாருக்கும் காட்டலாம்.

சாப்பிட முடியவில்லை. பசி இல்லை, அவ்வளவுதான்.

நல்ல சரக்கு வந்தால் அதை வைத்து ஆர்டர் எடுக்கத் தெரிய வேண்டும். பெட்டிக்கு முன்னாலேயே வைத்துப் போட்டோ எடுத்தேன். அடுத்து நீலக் கப்புக்கு மாற்றினேன். மேலே மிளகு தூவி ஒன்று. மஞ்சள் கப்பில் கொத்தமல்லி. பச்சைக் கப், பாதி சாப்பிட்ட மாதிரி, பக்கத்தில் ஸ்பூன். அடியில் விரித்த துண்டையும் மாற்றினேன். மொத்தம் பத்து.

முதல் போட்டோவை அனுப்பினேன். "சூப்பர்மா!" என்று பதில் வந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாத்திரை 7.15. போட்டோ அனுப்பினேன், நீலக் கப்.

ஆகஸ்ட் 9, சனி

மாத்திரை. போட்டோ. டீ.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாத்திரை 8.00. போட்டோ அனுப்பினேன்.

கடை லீவு. பிரிட்ஜைத் துடைத்தேன். தேதி போட்ட முட்டை ஆறும் கதவில் இருந்தன. எடுத்து வெளியே வைத்தேன், கதவைத் துடைத்தேன், திரும்ப உள்ளே வைத்தேன். புதன்கிழமை குப்பை வண்டி வரும்போது போட்டுக்கொள்ளலாம்.

7 என்ற எண்ணைக் கொஞ்சம் சாய்த்து, நடுவில் ஒரு கோடு போட்டு எழுதுவார். பாத்திரத்திலும் அப்படித்தான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மாத்திரை. போட்டோ.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாத்திரை 7.10. போட்டோ.

பதினொரு மணிக்குக் கழுகுமலையிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். மேல் தட்டிலிருந்து பெரிய அண்டாவைக் காட்டச் சொன்னார்கள். ஏணியில் நான்தான் ஏறினேன். நாலாவது படியில் கண் இருட்டியது. கையெல்லாம் வேர்த்தது. அண்டா விழுந்தது. நான் விழவில்லை. புஷ்பம் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

வந்தவர்களிடம், "பாருங்க, இவ்வளவு உயரத்துல இருந்து விழுந்தும் ஒரு சொட்டை நெளிசல் இல்லை" என்றேன். எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போனதும், சுகர் இறங்கிப்போச்சு என்று புஷ்பம் என் வாயில் சர்க்கரையைத் திணித்தாள். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் சத்தம் போட்டாள்.

"காலையில என்ன சாப்ட்டீங்க?"

"முட்டை."

"எங்க, என் தலையில அடிச்சுச் சொல்லுங்க."

"ஒன் தலை எனக்கு எதுக்கு? போய் மத்த அண்டாவை அடுக்கு."

ஆகஸ்ட் 13, புதன்

மாத்திரை. போட்டோ. குப்பை வண்டி வந்தது, போனது. போட மறந்துவிட்டேன்.

ரேணு போன் செய்தாள்.  "இப்ப அங்க மணி என்னம்மா?" என்று கேட்டாள். எட்டு ஐந்து என்றேன். "மைக்ரோவேவ்ல எத்தனை காட்டுது?" என்றாள். அதுவும் எட்டு ஐந்துதான். "சரி" என்று வைத்துவிட்டாள். என்ன கேள்வியோ.

ஆகஸ்ட் 14, வியாழன்

மாத்திரை. போட்டோ. இன்னும் இரண்டுதான் பாக்கி. சனிக்கிழமைக்குச் சரியாக இருக்கும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலை ஏழு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். ரேணு நிற்கிறாள். ஒரு கையில் அவள் பை. இன்னொரு கையில் பெரிய காலிப் பெட்டி. அவள் தூக்கியிருந்த விதத்திலேயே தெரிந்தது, காலி என்று.

உள்ளே வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை நீட்டினாள்.

"வாசிம்மா. கப்பை இல்ல, பின்னால பெட்டியில இருக்கிற மணியை."

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஏழாம் தேதிப் போட்டோவில் 7.42. எட்டாம் தேதிப் போட்டோவில் 7.43. ஒன்பதாம் தேதி 7.44. பத்தாம் தேதி 7.45.

"உன் வீட்ல ஒரு நாளைக்கு ஒரு நிமிஷந்தான் ஓடுது. ஒரு வாரம் ஏழு நிமிஷத்துல முடிஞ்சிருச்சு."

கப்பை மாற்றினேன், துண்டை மாற்றினேன். மணியை யோசிக்கவில்லை. இந்த மாதிரித் தப்பை வேறு யாராவது செய்திருந்தால் நானே சிரித்திருப்பேன்.

"எப்ப கண்டுபிடிச்சே?"

"மூணாம் நாளே."

"பிறகு ஏன் சும்மா இருந்தே?"

"போட்டோ வந்தா நீ எந்திரிச்சிட்டேன்னு அர்த்தம். அது போதும்னு இருந்தேன். புஷ்பம் அக்கா போன் பண்ணி ஏணிக் கதையைச் சொன்னப்புறம் இருக்க முடியல." பெட்டியைக் காலால் நகர்த்தினாள். "ஞாயித்துக்கிழமை மதியம் டிரெயின். ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன். பேரம் பேசாதே. நீ தோத்துட்டே."

பேரம் பேசவில்லை. தோற்றது உண்மை.

முதலில் சாப்பிடு என்று பிரிட்ஜைத் திறந்தாள். கைக்கு எட்டின முட்டை இரண்டை எடுத்தாள்.

"அதை எடுக்காத ஏட்டி!"

தெருவில் போனவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தியிருக்கிறேன். அவள் முட்டையைத் திருப்பினாள். 16-7. சாய்ந்த ஏழு, நடுவில் கோடு.

"பழசு. கெட்டிருக்கும்" என்றேன்.

"கெட்டிருந்தா எதுக்கு வச்சிருக்கே?"

முட்டையை அவள் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்தேன். 

பிறகு சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன். ஜூலை 18 காலையில் சேலத்திலிருந்து சரக்கு லாரி வந்துவிட்டது என்று போன் வந்தது. நான் சேலையைச் செருகிக்கொண்டு கிளம்பினேன். அவர் தட்டோடு பின்னாலேயே வாசல்வரை வந்தார். "ரெண்டு வாய் வச்சிட்டுப் போ கனி, மாத்திரை போட்டிருக்கே" என்றார். "வந்து சாப்பிடுறேன், மூடி வைங்க" என்றேன். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சரக்கை எண்ணி இறக்கிக்கொண்டிருக்கும்போது, அவர் விழுந்துவிட்டார் என்று வீட்டிலிருந்து ஆள் வந்தது. நான் வந்தபோது அவரைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். மேஜையில் தட்டு மூடியிருந்தது. யாரோ ஒருத்தி அதைத் திறந்து, கழுவப் போடவா என்று என்னிடம் கேட்டாள். போடு என்றேன்.

வந்து சாப்பிடுகிறேன் என்று சொன்னேன். அதுதான்.

ரேணு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்து வந்து ஆறு முட்டையையும் ஒவ்வொன்றாக விட்டேன். ஒன்று மிதந்தது, கெட்டது. ஐந்து அடியில் தங்கின, கொஞ்சம் தலை தூக்கிக்கொண்டு.

"பிரிட்ஜ்ல இருந்ததால தாங்கியிருக்கு" என்றேன். "இன்னும் ஒரு வாரம் விட்டா இதுவும் போயிரும்."

"என்ன செய்யப் போறே?"

"தேங்கின சரக்கை என்ன செய்வாங்க? தள்ளிவிடணும்."

வெள்ளைக் கப்பில் ஒன்று, நீலக் கப்பில் ஒன்று. நான்தான் செய்தேன். எண்ணெய், பால், உப்பு, மிளகு, வெங்காயம். முக்கால் நிமிஷம், பிறகு அரை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் வாயை மெதுவாக மென்றேன். தண்ணீர் குடித்தேன். பிறகு இறங்கியது. கப்பு காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை.

மாத்திரை 7.30. முட்டை 8.20. முழுசாக.

ஆகஸ்ட் 16, சனி

மாத்திரை 7.15. முட்டை 7.40, நானும் ரேணுவும். தேதி போட்டதில் பாக்கி ஒன்று.

கடைக்கு அவளும் வந்தாள். காதர் பாய் அங்கிருந்தே கத்தினார்: "ரேணு! உங்கம்மா என்ட்ட சரக்கு எடுத்துட்டுப் போயிருக்கு. ஊரெல்லாம் சொல்லிட்டேன்!"

மதியம் கடையிலேயே சொன்னாள். "ஒரு டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேன்."

"எதை?"

"உன்னதை. ஆனா போட்டோ நிக்காது. தீபாவளி வரைக்கும். கப்பு, பின்னால மணி, பக்கத்துல முட்டை ஓடு. ஓட்டுல அன்னிக்கித் தேதி எழுதியிருக்கணும். இனி ஏமாத்த முடியாது."

"ஏன் முடியாது? ஒரே நாள்ல பத்து முட்டையில பத்து தேதி எழுதி, பெட்டியில மணியைத் திருப்பி வச்சுப் போட்டோ எடுத்தா முடிஞ்சுது."

 அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். புஷ்பமும் சிரித்தாள், எதற்கு என்று தெரியாமலே.

"செய்வியாம்மா?"

"செய்ய மாட்டேன்."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி 1. மாத்திரை 7.15. அண்ணாச்சி கடை முட்டை. ரேணு மதிய ரயிலில் போனாள். காலிப் பெட்டியைப் பரணில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மாத்திரை 7.15. தேதி போட்டதில் கடைசி முட்டை. தனியாகச் சாப்பிட்டேன். போட்டோ அனுப்பினேன், ஓட்டில் அவர் எழுத்தோடு. இன்றைக்கு மட்டும் பழைய தேதி என்று எழுதினேன். 

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மாத்திரை 7.10.

புது முட்டை ஒரு டஜன். அவர் பென்சில் பிரிட்ஜ் மேலேயே, மூடியில்லாத டப்பாவில் இருந்தது. இத்தனை நாள் கண்ணில் படவில்லை. மேஜை முன்னால் உட்கார்ந்து முட்டையை இடது கையில் பிடித்து 19 என்று எழுதினேன். ஒன்பதின் வாலைச் சுழிக்கும்போது முனை உள்ளே போய்விட்டது. கையெல்லாம் வெள்ளைக் கரு.

எழுதும்போது எவ்வளவு அழுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. என் விரல் நன்றாகத்தான் இருக்கிறது. விரல் மரத்தவர் பத்து வருஷமாக எழுதினார். ஒன்றுகூட உடைந்ததாக ஞாபகம் இல்லை.

இரண்டாவது முட்டையில் மெதுவாக எழுதினேன். 19-8. எட்டு கோணலாக வந்தது. பரவாயில்லை, வாசிக்க முடிகிறது. உடைந்ததையும் வீணாக்காமல் இரண்டாவதோடு ஒரே கப்பில் ஊற்றிக்கொண்டேன். முக்கால் நிமிஷம், கிளறிவிட்டு முக்கால். இரண்டு முட்டை என்பதால் கூடக் கொஞ்சம்.

7.38. சாப்பிட்டேன்.